அனிமேஷன் தொடர்களில் ஹீரோவை விட வில்லன் ஏன் மனதில் நிற்கிறான்?

மைக்கூடு:
1992ல் ஃபாக்ஸ் கிட்ஸில் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரை மறுபடி முதலிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எபிசோடு முடிந்த பிறகு பேட்மேன் என்ன செய்தான் என்பது பாதி நேரம் நினைவில் இருப்பதில்லை. எதிரில் நின்றவன் யார், அவனுக்கு என்ன நேர்ந்தது என்பது மட்டும் அப்படியே நிற்கிறது.

மிஸ்டர் ஃப்ரீஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1959ல் காமிக்ஸில் வந்தபோது அவன் பெயர் மிஸ்டர் ஸீரோ. பனித் துப்பாக்கி வைத்துக்கொண்டு நகை திருடுகிற ஆள், அவ்வளவுதான். 1966ல் நடிகர்களை வைத்து எடுத்த டிவி தொடர்தான் அவனை ஃப்ரீஸ் ஆக்கியது. அதிலும் அவன் ஒரு கோமாளிதான். பிறகு பால் டினி எழுதி புரூஸ் டிம் இயக்கிய 'ஹார்ட் ஆஃப் ஐஸ்' எபிசோடு வந்தது. தீராத நோயில் கிடக்கும் மனைவி நோராவை உறைநிலையில் வைத்துக் காப்பாற்றப் பார்க்கும் விஞ்ஞானி. செலவு அதிகம் என்று பரிசோதனையை நிறுத்த வரும் கம்பெனி முதலாளி. அந்தத் தள்ளுமுள்ளில் நடக்கும் விபத்து. முப்பது வருடத்துக்கு மேல் யாரும் கண்டுகொள்ளாத ஒரு வில்லனை, விளம்பர இடைவேளை போக மிஞ்சிய 22 நிமிடத்தில் தூக்கி நிறுத்திவிட்டார்கள். எழுத்துக்காக டினிக்கு டேடைம் எம்மி என்ற அமெரிக்க டிவி விருதும் கிடைத்தது.

இதற்குக் காரணம் தணிக்கைதான் என்பது என் வாதம். குழந்தைகள் பார்க்கும் நேரம். ரத்தம் காட்டக்கூடாது, சாவைக் காட்டக்கூடாது. சண்டையை ஓரளவுக்கு மேல் நம்பி கதை நடத்த முடியாது. அதனால் எழுத்தாளர்கள் எதிராளியின் மனசுக்குள் போனார்கள். 'ராபின்ஸ் ரெக்கனிங்' எபிசோடில் ராபினின் பெற்றோர் விழுவதே காட்டப்படாது. நிழல் ஆடும், அப்புறம் அறுந்த கயிறு மட்டும் திரும்பி வரும். காட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்குமா?

பழையபெட்டி:
தணிக்கைதான் காரணம் என்றால் சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் உலக மகா காவியமாக இருந்திருக்க வேண்டுமே தலைவரே!

1968ல் அமெரிக்காவில் 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' என்ற அமைப்பு தொடங்கியது. சனிக்கிழமை காலைக் கார்ட்டூன்களில் அடிதடி வேண்டாம் என்று அதுவும் மற்றவர்களும் கொடுத்த அழுத்தத்தில் சேனல்கள் நடுங்கிப் போயின. 1973ல் ஹன்னா-பார்பெரா ஏபிசிக்காக எடுத்த சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் அந்தச் சூழலில் பிறந்ததுதான். முதல் சீசனில் சரியான வில்லனே கிடையாது. நல்ல எண்ணத்தில் தப்புத் தப்பாக ஏதாவது செய்துவைக்கும் விஞ்ஞானிகள்தான். கடைசியில் சூப்பர்மேன் உட்கார்ந்து புத்தி சொல்வார்.

1978ல் 'சேலஞ்ச்' சீசனில் லீஜன் ஆஃப் டூம் வந்தது. லூதர், பிரெய்னியாக், சினெஸ்ட்ரோ, கிராட், சீட்டா என்று மொத்தம் 13 பேர். சதுப்பு நிலத்துக்குள்ளிருந்து தலைக்கவசம் போல ஒரு கோட்டை எழும்பி வரும். பார்க்கப் பிரமாதம். ஆனால் அந்தப் பதின்மூன்று பேரில் ஒருவனுக்காவது 'ஏன் இதைச் செய்கிறேன்' என்று ஒரு காரணம் உண்டா? உலகத்தைப் பிடிக்க வேண்டும். தோற்றவுடன் தப்பி ஓட வேண்டும். அடுத்த வாரம் மறுபடி.

தணிக்கை அங்கேதான் இன்னும் கடுமை. அதிலிருந்து ஒரு ஃப்ரீஸ் வரவில்லை. 1994 ஸ்பைடர்மேனும் அப்படித்தான். போலீஸ்காரர் கையில் கூட லேசர் துப்பாக்கி. மோர்பியஸ் என்கிற ரத்தக்காட்டேரி ரத்தம் குடிக்கக்கூடாது என்று உள்ளங்கையில் உறிஞ்சிகளை வைத்து 'பிளாஸ்மா' எடுக்க வைத்தார்கள். அது மனசுக்குள் போன மாதிரியா இருக்கிறது? எனக்குச் சிரிப்புதான் வந்தது.

சட்டகம்24:
இருவர் சொல்வதிலும் பாதி சரி. நான் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

அந்தக் காலத் தொடர்கள் பெரும்பாலும் எந்த வரிசையில் ஒளிபரப்பினாலும் புரிய வேண்டும். அப்படியென்றால் எபிசோடு தொடங்கும்போது ஹீரோ எங்கே நின்றானோ, முடியும்போதும் அங்கேயேதான் நிற்க வேண்டும். பேட்மேன் கல்யாணம் பண்ணிக்கொள்ள முடியாது, மனம் மாற முடியாது, சாக முடியாது. அந்த 22 நிமிடத்துக்குள் வாழ்க்கை தலைகீழாக மாற அனுமதி உள்ள ஒரே ஆள் வில்லன்தான். கதை என்றாலே யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும். அது அவனுக்கு ஆகிறது.

நல்ல உதாரணம் க்ளாக் கிங். காமிக்ஸில் அவன் கிரீன் ஆரோவின் சில்லறை எதிரி, 1960களின் சரக்கு. தொடரில் டெம்பிள் ஃப்யூகேட் என்று புதிதாக ஒரு ஆளை உருவாக்கினார்கள். நிமிடக் கணக்கில் வாழ்கிற அலுவலகக்காரன். 'ஒரு நாள் காபி இடைவேளையைக் கொஞ்சம் தள்ளி எடுத்துப் பாருங்களேன்' என்று ஹில் என்ற வக்கீல் சொல்கிறார். கேட்டுத் தொலைக்கிறான். ஒன்றன்பின் ஒன்றாகச் சொதப்பி, வழக்குக்குத் தாமதமாகப் போய், எல்லாவற்றையும் இழக்கிறான். அந்த ஹில் பிற்பாடு மேயர். ஃப்யூகேட்டுக்கு மந்திர சக்தி கிடையாது, ரசாயனத் தொட்டி கிடையாது. ஒரு காபிதான்.

சூப்பர் ஃப்ரெண்ட்ஸில் ஏன் இது நடக்கவில்லை? அங்கே வில்லனும் மாறக்கூடாது, ஏனென்றால் அடுத்த வாரமும் அதே 13 பேர் வேண்டும். ஹீரோவும் மாறவில்லை, எதிரியும் மாறவில்லை, அப்புறம் என்ன மிஞ்சும்?

இன்னொன்று, தயாரிப்பு. பேட்மேன் தொடரில் பின்னணிகளைக் கறுப்புக் காகிதத்தில் வரைந்தார்கள், எரிக் ரடோம்ஸ்கியின் யோசனை. இருட்டு முதலில், வெளிச்சம் அதன் மேல். ஷர்லி வாக்கர் தலைமையில் ஒவ்வொரு எபிசோடுக்கும் ஆர்கெஸ்ட்ரா வைத்துத் தனி இசை. குரல் இயக்குநர் ஆண்ட்ரியா ரொமானோ முடிந்தவரை நடிகர்களை ஒரே அறையில் உட்கார வைத்து வானொலி நாடகம் மாதிரிப் பதிவு செய்தார். ஃப்ரீஸுக்கு மைக்கேல் அன்சாரா கொடுத்த அந்த உணர்ச்சியே இல்லாத குரல் இல்லாவிட்டால், நோரா கதையும் வெறும் சீரியல் அழுகையாகப் போயிருக்கும்.

கிழிந்த_அட்டை:
அப்போ ஜோக்கர்?

மேலே சொன்ன கணக்குப்படி மாறுகிற வில்லன்தான் நிற்பான். ஜோக்கர் மாறுவதே இல்லை. சோகக் கதையும் சொல்வதில்லை. ஆனால் மார்க் ஹாமில் சிரிக்க ஆரம்பித்தால் மற்ற எல்லாரும் மறந்துபோகிறார்கள். (முதலில் அந்த வேடத்துக்கு டிம் கர்ரியைத்தான் போட்டிருந்தார்கள். யோசித்தால் அதுவும் வேறு மாதிரி பயங்கரமாக இருந்திருக்கும்.)

சட்டகம்24:
'ஜோக்கர்ஸ் ஃபேவர்' பார்த்தீர்களா? அங்கே மாறுகிற ஆள் சார்லி காலின்ஸ். சாதாரணக் குடும்பஸ்தன். ரோட்டில் எரிச்சலில் ஒரு காரோட்டியைத் திட்டிவிடுகிறான், அது ஜோக்கர். 'எனக்கு ஒரு உதவி செய்யக் கடமைப்பட்டிருக்கிறாய்' என்று விட்டுவிடுகிறான். வருடங்கள் கழித்துக் கூப்பிட்டு அவன் கேட்கிற உதவி என்ன தெரியுமா? ஒரு கதவைத் திறந்து பிடிக்க வேண்டும்! அதற்காக ஒரு மனுஷனின் வாழ்க்கையையே பயத்தில் ஊற வைத்திருக்கிறான்.

கடைசியில் சந்துக்குள் சார்லி ஒரு குண்டோடு ஜோக்கரை மடக்குகிறான். பேட்மேனோடு பெரிய இறுதிச் சண்டை எதுவும் உனக்குக் கிடையாது, என்னைப் போன்ற ஒரு யாரோ கையில் குப்பைத்தொட்டி பக்கத்தில் சாவாய் என்கிற தொனியில் பேசுகிறான். ஜோக்கர் நடுங்கிப்போய் பேட்மேனைக் கூப்பிடுகிறான். குண்டு டம்மி. சண்டையே இல்லாமல் ஜோக்கரை இதைவிட மோசமாக யாரும் தோற்கடித்ததில்லை.

ஆக ஜோக்கருக்கு என் கணக்கு பொருந்தாது என்று சொல்ல மாட்டேன். அவன் மாற மாட்டான், அவன் தொடுகிற ஆள் மாறுவான்.

கிழிந்த_அட்டை:
இது எதிர்க்கட்சியையும் உங்கள் கட்சியில் சேர்த்துக்கொள்கிற வேலை. ஆனாலும் அந்த எபிசோடுக்காக விடுகிறேன்.

புதுவாசகி:
நான் இதில் புதுசு. ஒரு சந்தேகம். இப்படி ஆளையே மாற்றி எழுதினால் காமிக்ஸ் படிப்பவர்களுக்குக் கோபம் வராதா? 'மூலத்தில் அப்படி இல்லை' என்று?

மைக்கூடு:
வரும், நன்றாகவே வரும். ஆனால் பல தடவை மூலமே இறங்கி வந்து டிவியைப் பின்பற்றியிருக்கிறது.

பெரிய உதாரணம் ஹார்லி க்வின். மேலே சொன்ன அதே 'ஜோக்கர்ஸ் ஃபேவர்' எபிசோடில்தான் அவள் முதல்முறை வருகிறாள், செப்டம்பர் 1992. காமிக்ஸில் அப்படி ஒருத்தி இல்லவே இல்லை. ஆர்லீன் சார்கின் என்ற நடிகை ஒரு பகல்நேர சீரியலில் கனவுக் காட்சிக்காகக் கோமாளி வேடம் போட்டிருந்தார். அதைப் பார்த்த டினிக்கு யோசனை வந்து, அவரையே குரல் கொடுக்கவும் வைத்தார். ஒரு எபிசோடுக்கான அடியாள்தான். பிடித்துப்போனதால் திரும்பத் திரும்ப வந்தாள். 1994ல் டினியும் டிம்மும் 'மேட் லவ்' என்ற காமிக்ஸில் அவள் முன்கதையைச் சொன்னார்கள்: ஆர்க்கம் மனநல விடுதியில் ஜோக்கருக்குச் சிகிச்சை கொடுக்கப் போன டாக்டர் ஹார்லீன் க்வின்ஸெல். அதற்குக் காமிக்ஸுக்கான ஐஸ்னர் விருது. 1999ல் பேட்மேனை வெளியிடுகிற டிசி காமிக்ஸின் முதன்மைக் கதை உலகத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்கு அவளுக்கென்று தனித் தொடரே இருக்கிறது.

இந்த எபிசோடுகளில் எனக்கு ஒரு நெருடலும் உண்டு. ஜோக்கர் அவளை அடிப்பதையும் துரத்துவதையும் பல இடங்களில் வேடிக்கையாகவே காட்டியிருக்கிறார்கள். 'மேட் லவ்' மட்டும்தான் அதன் கொடுமையை நேராகப் பார்க்கிறது, அதன் நடுவிலும் சிரிக்க வைக்கிறது. இப்போது பார்த்தால் அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்குகிறது.

மற்றவர்களும் இருக்கிறார்கள். மார்வெலில் ஃபயர்ஸ்டார் 1981 டிவி தொடரில் பிறந்து 1985ல் காமிக்ஸுக்குப் போனாள். எக்ஸ்-23 'எக்ஸ்-மென் எவல்யூஷன்' தொடரில் 2003ல் வந்து மறு வருடம் காமிக்ஸில் நுழைந்தாள். சூப்பர்மேன் தொடரில் லூதரின் காரோட்டியாக வந்த மெர்சி கிரேவ்ஸும் டிவிச் சரக்குதான். ஃப்ரீஸுக்கு நோரா கதை காமிக்ஸிலும் ஒட்டிக்கொண்டது, 1997 சினிமாவிலும் வந்தது. அந்தச் சினிமாவைப் பற்றி வேறு ஒன்றும் சொல்ல விரும்பவில்லை.

பழையபெட்டி:
ஃபயர்ஸ்டாரை இழுத்ததால் நான் சொல்ல வந்தது சுலபமாகிவிட்டது. அவளை யாரும் கலை தாகத்தில் உருவாக்கவில்லை. ஸ்பைடர்மேனோடு ஹ்யூமன் டார்ச் என்ற நெருப்பு ஹீரோ வர வேண்டிய இடம் அது. உரிமை கிடைக்கவில்லை, நெருப்புக்கு வேறு ஒருத்தி வேண்டும், அவ்வளவுதான். லீஜன் ஆஃப் டூமில் ஜோக்கரும் பெங்குவினும் ஏன் இல்லை? அந்த நேரத்தில் அவர்கள் ஃபில்மேஷன் நிறுவனத்தின் பேட்மேன் கார்ட்டூனுக்குப் போயிருந்தார்கள். அதனால்தான் ரிட்லரும் ஸ்கேர்குரோவும் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட் காலத்திலும் இதே கதை. 2004ல் 'தி பேட்மேன்' என்று இன்னொரு கார்ட்டூன் தொடங்கியது, பக்கத்தில் புதுப் படமும் தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் பேட்மேனின் எதிரிகளை ஜஸ்டிஸ் லீக்கில் தொடக்கூடாது என்றானது. ரசிகர்கள் அதற்கு 'பேட்-எம்பார்கோ' என்றே பெயர் வைத்தார்கள். ஜோக்கரை எடுக்க முடியாத எழுத்தாளர்கள் அமாண்டா வாலர் என்ற அரசு அதிகாரியிடமும், காட்மஸ் என்ற ரகசிய அரசுத் திட்டத்திடமும் போனார்கள். 'சூப்பர் ஹீரோக்கள் ஒரு நாள் நம் மேலேயே திரும்பினால் அரசாங்கம் என்ன செய்யும்' என்ற கேள்வியைக் கேட்கிற எதிரி! வாலர் சொல்வதில் நியாயம் வேறு இருக்கிறது. அந்த மாதிரி ஆளோடு குத்துச்சண்டை போட முடியாது.

நல்ல வில்லன் அமைவதில் எழுத்தாளரின் மேதைமைக்குப் பங்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாத்திரம் எந்த வருடம் யார் பீரோவில் பூட்டியிருந்தது என்பதற்கும் அதே அளவு பங்கு உண்டு.

கிழிந்த_அட்டை:
> கதை என்றாலே யாருக்காவது ஏதாவது ஆக வேண்டும். அது அவனுக்கு ஆகிறது.

தொடர்கதையாகப் போகிற தொடர்களில் இந்த விதி உடைகிறதே. எக்ஸ்-மென் 1992 அக்டோபர் 31ல் தொடங்கி 76 எபிசோடு ஓடியது. ஒரு கதை அடுத்ததில் தொடரும். அங்கே மார்ஃப் என்ற அணி உறுப்பினரையே ஆரம்பக் கதையில் கொன்று காட்டினார்கள் (பிற்பாடு திரும்பி வந்தான், அது வேறு). ஹீரோக்களுக்கும் ஏகப்பட்டது ஆகிறது. ஆனாலும் மேக்னெட்டோதான் நிற்கிறான்.

1963 காமிக்ஸில் அவன் உலகத்தைப் பிடிக்க வந்த இன்னொரு ஹெல்மெட் ஆள். யூத இனப்படுகொலையில் தப்பிப் பிழைத்தவன் என்ற பின்னணியை 1981ல்தான் கிறிஸ் கிளேர்மான்ட் கொண்டுவந்தார். 1992 தொடர் வந்தபோது அந்த அடித்தளம் தயாராக இருந்தது. குழந்தைகள் நிகழ்ச்சி என்பதால் டிவியில் அதை நேராகச் சொல்லாமல் பொதுவாக ஒரு யுத்தம் என்றே விட்டார்கள். அங்கே தணிக்கை எனக்கு நஷ்டமாகத்தான் தெரிகிறது.

2024ல் எக்ஸ்-மென் '97 வந்ததே, அதில் எக்ஸ்-மென் அணியை நிறுவிய சேவியரின் உயில்படி மேக்னெட்டோவே அணித் தலைவன். ஐந்தாம் எபிசோடில் ஜெனோஷா என்ற மியூட்டன்ட்களின் நாடு அழிகிறது. அதற்குப் பிறகு அவன் எடுக்கிற முடிவு தவறு என்று வாதாட எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய தொடர் போட்ட விதை அது. எபிசோடு முடிந்ததும் எல்லாவற்றையும் பழைய நிலைக்குக் கொண்டுபோகிற முறையில் இது நடந்தே இருக்காது.

அப்புறம் 'ஸ்பெக்டாக்யுலர் ஸ்பைடர்மேன்' (2008). க்ரெக் வைஸ்மன் குழு அதில் அழகான ஒரு வேலை செய்தது. வில்லனை வில்லனாக அறிமுகப்படுத்தவே இல்லை. மாக்ஸ் டில்லன் மின்வேலை பார்க்கிறவன். ஆக்டேவியஸ் அதட்டினால் சுருங்கிப்போகிற பயந்த விஞ்ஞானி. எடி பிராக் பீட்டருக்கு அண்ணன் மாதிரி. நாம் அவர்களைப் பழகிய பிறகுதான் ஒவ்வொருவராக உடைகிறார்கள். 26 எபிசோடோடு முடிந்துபோனது, உரிமை கைமாறியதுதான் காரணம். பழையபெட்டி சொன்ன பீரோ சாவி இங்கேயும் வேலை செய்திருக்கிறது, கெட்ட பக்கமாக.

மின்கம்பி:
இன்வின்சிபிளை யாரும் சொல்லவில்லையே. 2021ல் வந்தது, தணிக்கை என்ற பேச்சே இல்லை, முதல் எபிசோடு கடைசியில் ரத்தம் ஆறாக ஓடுகிறது. ஹீரோவின் அப்பாவான ஆம்னி-மேன் இந்த இழையில் பேசிய எவனுக்கும் குறைந்தவன் இல்லை. தணிக்கை வாதத்தை இதோடு மூட்டை கட்டலாம்.

இன்னொரு விஷயம், காமிக்ஸில் ஆம்னி-மேன் சக ஹீரோக்களைக் கொல்வது ஏழாவது இதழில்தான் வரும். தொடரில் முதல் எபிசோடிலேயே உடைத்துவிட்டார்கள். 'அப்பா கெட்டவரா' என்ற புதிர் போய், 'நமக்குத் தெரியும், மகனுக்கு எப்போது தெரியும்' என்ற வயிற்றெரிச்சல் சீசன் முழுக்க ஓடுகிறது. ராபர்ட் கிர்க்மேன் தன் கதையைத் தானே திருத்தி எழுதக் கிடைத்த வாய்ப்பு. ஜே. கே. சிம்மன்ஸ் சாப்பாட்டு மேசையில் சாதாரணமாகப் பேசினாலே பயமாக இருக்கிறது.

மைக்கூடு:
சரி, தணிக்கை மட்டும்தான் காரணம் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனால் இன்வின்சிபிளிலும் எனக்கு நிற்பது ரத்தம் இல்லை, நீங்களே சொன்ன சாப்பாட்டு மேசைதான். அது 1992லும் ஒளிபரப்பாகியிருக்கும்.

சட்டகம்24:
என் வாதத்துக்கு நானே ஒரு இடைஞ்சல் கொண்டுவருகிறேன், மற்றவர்கள் கொண்டுவரும் முன்: டீன் டைட்டன்ஸ் (2003) ஸ்லேட். காமிக்ஸில் அவனுக்கு மனைவி, மகன்கள், குடும்பச் சண்டை என்று எல்லாம் உண்டு. தொடரில் அத்தனையையும் கழற்றிவிட்டார்கள். டெத்ஸ்ட்ரோக் என்ற அவன் காமிக்ஸ் பெயரைக்கூட உச்சரிக்கவில்லை. முகமூடிக்குள் யார் என்று கடைசி வரை காட்டவில்லை. ரான் பெர்ல்மனின் குரல், ஒற்றைக் கண், அவ்வளவுதான். பின்கதை இல்லாமலே எலும்பு வரை சில்லிட வைத்தான்.

ஆனால் டைட்டன்ஸ் அணிக்குள் வந்து துரோகம் செய்கிற டெராவைப் பாருங்கள். 1984 காமிக்ஸில் அவள் கடைசி மூச்சு வரை துரோகி, இரக்கத்துக்கு இடமே இல்லாமல் எழுதப்பட்டவள். தொடரில் அவளை ஸ்லேடின் பிடியில் சிக்கிய, தன் சக்தியைக் கண்டு தானே பயப்படுகிற பெண்ணாக மாற்றினார்கள். எனக்குக் காமிக்ஸ் டெராதான் பிடிக்கும். எல்லா வில்லனுக்கும் ஒரு கண்ணீர்க் கதை கட்டாயம் என்ற நோய் ஃப்ரீஸுக்குப் பிறகுதான் பரவியது. ஃப்ரீஸையே விட்டார்களா? 'டீப் ஃப்ரீஸ்' வந்தது, அப்புறம் வீடியோ படம், 1997 சீசனில் உடம்பே போய்த் தலை மட்டும், கடைசியில் 'பேட்மேன் பியாண்ட்' வரை இழுத்தார்கள். முடிந்த கதையை நாலு தடவை முடித்தார்கள்.

பழையபெட்டி:
'பேட்மேன் பியாண்ட்' எபிசோடு நன்றாக இருக்கும். அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புதுவாசகி:
ஹார்ட் ஆஃப் ஐஸ் பார்த்தேன். எல்லாரும் ஃப்ரீஸைப் பற்றியே பேசுகிறீர்கள், அந்த பாயில் என்கிற முதலாளியைப் பற்றி ஏன் யாரும் பேசவில்லை? மனிதநேயர் விருது வாங்குகிறான், உள்ளே இப்படி. பேட்மேன் அந்த விபத்து பதிவான வீடியோ டேப்பை டிவி நிருபரிடம் கொடுக்கிற இடத்தில்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். எனக்கு அந்த எபிசோடின் வில்லன் அவன்தான்.

கிழிந்த_அட்டை:
ஒரு கூடுதல் தகவல்: பாயிலுக்குக் குரல் கொடுத்தவரும் மார்க் ஹாமில்தான். ஜோக்கர் வேடம் கிடைப்பதற்கு முன்பே.

புதுவாசகி:
அடப்பாவிகளா. அடுத்து என்ன பார்க்கட்டும்?

சட்டகம்24:
'டூ-ஃபேஸ்' இரண்டு பாகம். ஹார்வி டென்ட் அதற்கு முன் சில எபிசோடுகளில் புரூஸின் நண்பனாக வருவான். அவற்றை முதலில் பார்த்துவிட்டுப் போனால் இன்னும் அடிக்கும். பிறகு 'க்ளாக் கிங்'. சூப்பர் ஃப்ரெண்ட்ஸ் பக்கம் இப்போதைக்குப் போக வேண்டாம்.

பழையபெட்டி:
போகலாம். முதலில் கொரில்லா கிராட் வருகிற எபிசோடாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.